ஒரு செயலை வைத்து ஆளையே எடைபோட்டுவிடுகிறோமே, எப்படி?

அரைநிலா

என் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். முதல் கூட்டத்தில் மேலாளர் ஒரு திட்டத்தைக் காட்டி அவரிடம் கருத்துக் கேட்டார். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியில் குனிந்துகொண்டார். மாலையில் லிஃப்டில் எங்களில் இரண்டு பேர் அவர்கூடவே இறங்கினோம். ஆள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

மறுநாள் "கொஞ்சம் தலைக்கனம் பிடிச்ச ஆள் போல" என்று ஒரு பேச்சு வந்தது. முதலில் சொன்னது யார் என்று இப்போது கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவர் பேசாமல் இருந்தால் "நம்மை மதிக்கலை". ஏதாவது யோசனை சொன்னால் "வந்து நாலு நாள் ஆகலை, நமக்கே பாடம் எடுக்கிறான்". அவர் எதைச் செய்தாலும் அந்த ஒரு சொல்லுக்கே சாட்சியாகிவிடுகிறது.

அவர் உண்மையிலேயே தலைக்கனம் பிடித்தவராகவும் இருக்கலாம். என் கேள்வி அதுவல்ல. எட்டுப் பேர், நாலு இடம் பார்த்தவர்கள், இத்தனூண்டு விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு மனிதரை எப்படிக் கட்டி எழுப்பினோம்? இதைப் பற்றிப் படித்தவர்கள், யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி

எட்டுப் பேரில் ஒருத்தர் போய் "என்ன சார், வேலையெல்லாம் பழகிடுச்சா" என்று கேட்டிருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

பழைய பேனா

நடைவண்டி சொல்வது தீர்வு. அரைநிலா கேட்பது காரணம். காரணத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

1944-இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன அசைபடம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரித் திறந்து மூடும் ஒரு கட்டம். வடிவங்கள் நகர்கின்றன, முட்டுகின்றன, கட்டத்துக்குள் போய் வருகின்றன. அவ்வளவுதான் படம். "பார்த்ததை எழுதுங்கள்" என்று 34 பேரிடம் கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் முக்கோணம் இடப்பக்கம் நகர்ந்தது என்கிற கணக்கில் எழுதினார். மற்றவர்கள் எழுதியதெல்லாம் கதை. பெரிய முக்கோணம் அடாவடி, வட்டத்துக்குப் பயம், சின்ன முக்கோணம் அதைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று. காகித வடிவத்துக்கே நாம் குணம் கொடுத்துவிடுகிறோம். லிஃப்டில் வந்த மனிதரை மட்டும் விட்டுவிடுவோமா?

அதில் ஒரு கோணல் இருக்கிறது. செயலுக்குக் காரணம் தேடும்போது நம் கண் ஆளிடமே போய் நிற்கிறது, அவர் நின்ற இடத்துக்குப் போவதில்லை. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் செய்த சோதனை இதில் பிரபலம். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எழுதியவருடைய சொந்தக் கருத்து என்ன என்று கணிக்க வேண்டும். சிலரிடம், எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருடைய விருப்பமல்ல, அவருக்குச் சொல்லப்பட்டது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அப்படியும் ஆதரித்து எழுதியவரை ஓரளவு ஆதரவாளர் என்றே கணித்தார்கள்.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். லீ ராஸ், தெரசா அமபிலி, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ், 1977. ஒரு வினாடி வினா. யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பது சும்மா குலுக்கல் முறையில், எல்லார் கண் முன்னாலும் முடிவாகிறது. கேட்பவர் தனக்குத் தெரிந்த விஷயத்திலிருந்து கஷ்டமான கேள்விகளைத் தானே தயாரிக்கலாம். பதில் சொல்பவர் பாவம், பத்துக்கு நாலு தேற்றினார். கடைசியில் கேட்டபோது பதில் சொன்னவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் "கேள்வி கேட்டவர் பெரிய அறிவாளி" என்றார்கள். இடம் மாறி உட்கார்ந்திருந்தால் கதையும் மாறியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் தோன்றியது.

இந்தக் கோணலுக்கு "அடிப்படைக் காரணப் பிழை" என்று அதே வருடம் பெயர் வைத்தவரும் லீ ராஸ்தான்.

சுழியம்

இந்த மாதிரி இழைகளில் ராஸும் ஜோன்ஸும் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டார்கள். இரண்டு ஆட்சேபனை.

ஒன்று. "நம் தவறுக்குச் சூழ்நிலையைக் காட்டுவோம், அடுத்தவர் தவறுக்கு அவர் குணத்தைக் காட்டுவோம்" என்று பாடப்புத்தகத்தில் அடித்துச் சொல்வார்கள். 2006-இல் பெர்ட்ராம் மல்லே அதுவரை வந்த 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். மொத்தமாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். கெட்டது நடந்தபோது கொஞ்சம் தெரிகிறது, நல்லது நடந்தபோது தலைகீழாகத் திரும்புகிறது. எல்லாரும் சொல்வதால் ஒரு விஷயம் உறுதியாகிவிடாது. அரைநிலாவின் கேள்வியே அதுதானே.

இரண்டு. குணத்தைப் பார்க்காமல் எப்படி வாழ்வது? யாரிடம் கடன் கொடுக்கலாம், யாரிடம் ரகசியம் சொல்லலாம், யாரை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாம், இதெல்லாம் ஆளை எடைபோட்டுத்தான் செய்கிறோம். பெரும்பாலும் சரியாகத்தான் செய்கிறோம். அந்த எடைபோடுதலே கோளாறு என்றால் மனிதக் கூட்டம் இத்தனை காலம் தாங்கியிருக்காது.

பழைய பேனா

மல்லே விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் அவர் சோதித்தது "நான், அவர்" என்ற வித்தியாசத்தை. ஜோன்ஸ் சொன்னது வேறு: சூழ்நிலை கண்முன் இருந்தும் நாம் அதற்கு இடம் கொடுப்பது குறைவு. ஒன்று விழுந்தால் மற்றதும் விழ வேண்டியதில்லை.

சூழ்நிலை எவ்வளவு கனமானது என்பதற்கு ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-இல் செய்ததைப் பாருங்கள். பிரின்ஸ்டனில் சமயக்கல்வி பயிலும் மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேச வேண்டும். வழியில் ஒருவர் குனிந்து, இருமி, முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நேரமாயிடுச்சு, ஓடுங்க" என்று விரட்டப்பட்டவர்களில் 10% பேர்தான் உதவ நின்றார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63%. சிலர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதை. அந்தத் தலைப்பால் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஓடியவனைத் தள்ளி நின்று பார்த்தால் என்ன சொல்லியிருப்போம்? "கல் நெஞ்சுக்காரன்". கைக்கடிகாரம் நம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

அரைநிலாவுக்கு உதவக்கூடியது டேனியல் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் 1988-இல் செய்தது. ஒரு பெண் பதற்றமாகப் பேசும் ஒலியில்லாத வீடியோ. அவர் என்ன தலைப்பில் பேசுகிறார் என்று திரையில் எழுத்து ஓடும். சிலருக்குக் கூச்சமூட்டும் தலைப்புகள், சிலருக்குச் சாதாரணத் தலைப்புகள். கூச்சமான தலைப்பு என்றால் யாரும் நெளியத்தானே செய்வார்கள்? அப்படி விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் ஒரு கூட்டத்திடம் மட்டும் "அந்தத் தலைப்புகளை மனப்பாடம் பண்ணுங்கள்" என்று வேலை கொடுத்திருந்தார்கள். அவர்கள் எந்தத் தலைப்பாக இருந்தாலும் "இது சுபாவத்திலேயே பதற்றமான பெண்" என்றார்கள். விளக்கம் கையிலேயே இருக்கிறது, வாயால் உருப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதைப் பயன்படுத்த மட்டும் மனதில் இடமில்லை. கில்பர்ட் சொல்வது இது: குணம் என்று முதலில் தோன்றுவது தானாக வருகிறது, "இரு, அவர் நிலைமை என்ன" என்பது அப்புறம், உழைத்துத்தான் வருகிறது. மூச்சுமுட்ட வேலை இருக்கும் அலுவலகத்தில் அந்த இரண்டாவது அடி விடுபட்டுப் போகும்.

கோட்டோவியம்

இது எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரியா? ஜோன் மில்லர் 1984-இல் மைசூரிலும் சிகாகோவிலும் குழந்தைகளையும் பெரியவர்களையும் கேட்டார்: உங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த ஒரு நல்லது, ஒரு கெட்டது சொல்லுங்கள், ஏன் செய்தார்? சின்னக் குழந்தைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. வளர வளர அமெரிக்கர்கள் குணத்தைச் சொல்வது கூடியது, இந்தியர்கள் சூழலைச் சொல்வது கூடியது. அப்படியென்றால் கில்பர்ட் சொல்லும் "தானாக வருவது" பிறவியில் வந்ததில்லை, பழக்கத்தில் வந்தது என்றும் சொல்லலாம் இல்லையா?

சுழியம்

பாதி சொல்லலாம், அக்கா. மில்லர் கேட்டது தெரிந்தவர்களைப் பற்றி. தெரிந்தவர் என்றால் அவர் வீட்டு நிலைமை, வேலை நிலைமை எல்லாம் தெரியும், சொல்லிவிடலாம். முன்பின் தெரியாத ஆள் விஷயத்தில் எந்த ஊர்க்காரரும் அரைநிலா குழு மாதிரிதான் செய்வார்கள் என்பது என் எண்ணம். சூழ்நிலையைச் சொல்ல முதலில் சூழ்நிலை தெரிய வேண்டும்.

நடைவண்டி

கடைசியில் அந்த ஆளுக்கு வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம் என்று முடியாமல் இருந்தால் சரி. வாட்ஸப்பில் அந்தக் கதை ஆயிரம் வந்துவிட்டது.

மெல்லினம்

நடைவண்டி சொன்னதை நான் வழிமொழிகிறேன், வேறு காரணத்துக்காக. ஒருவர் நமக்குப் புரியாமல் நடந்தால், ஒன்று அவர் கெட்டவர், இல்லை என்றால் அவருக்கு ஏதோ துயரம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது அறையே நம்மிடம் இல்லை. எனக்கு ஆட்டிசம். பேசும்போது எதிராளி கண்ணைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால் மேஜையைப் பார்த்துப் பேசுவேன். எனக்குத் துயரமும் இல்லை, திமிரும் இல்லை. நான் பேசும் விதம் அது.

2017-இல் நோவா சாசனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பும் பேசிய சில விநாடிப் பதிவுகளை, யார் யார் என்று சொல்லாமல் மற்றவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். வீடியோவாக, குரலாக, படமாகப் பார்த்தவர்கள் எங்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்தார்கள், "இவரோடு பழக விருப்பமில்லை" என்ற மாதிரி. அதே பேச்சை வெறும் எழுத்தாகக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை. சொன்ன விதம்தான் ஆளாகிவிட்டது.

டேமியன் மில்டன் 2012-இல் ஒரு வாதம் வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் புரியாது என்று ஒரு தரப்புக் குறையாகவே சொல்லி வந்தீர்கள், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, உங்களுக்கும்தான் எங்கள் மனம் புரிவதில்லை என்று. இந்த இழையில் எல்லாரும் "அவரை நாம் எப்படித் தப்பாகப் படித்தோம்" என்று பேசுகிறீர்கள். எட்டுப் பேர் வரிசையாக நின்று தன்னை அளப்பதை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அரைநிலா

மெல்லினம், நியாயம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நாங்கள் எட்டுப் பேரும் மூஞ்சி கொடுத்துப் பேசாதவர்கள்தான்.

கோட்டோவியம்

மெல்லினம் சொன்னதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நாம் ஒருவரை எப்படி நினைக்கிறோமோ அப்படி அவரை நடத்துகிறோம். நடத்திய விதத்துக்குத் தகுந்த மாதிரி அவர் நடந்துகொள்கிறார். அதைப் பார்த்து "சொன்னேன்ல?" என்கிறோம்.

மார்க் ஸ்னைடர், எலிசபெத் டேங்க், எலன் பெர்ஷீட் 1977-இல் செய்தது: ஆண்களிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, இந்தப் பெண்ணோடுதான் நீங்கள் ஃபோனில் பேசப்போகிறீர்கள் என்றார்கள். சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படியில்லாத படம். மறுமுனையில் இருந்த பெண்ணுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை, படம் கொடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியாது. அப்புறம் பெண்ணின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றும் தெரியாத வேறு ஆட்களைக் கேட்கச் சொன்னார்கள். அழகானவர் என்று நம்பப்பட்ட பெண்கள் குரலிலேயே கலகலப்பாக, நட்பாகத் தெரிந்தார்கள். பேசியவன் அன்பாகப் பேசினான், அவளும் அன்பாகப் பேசினாள். முகம் தெரியாத ஒரு பொய், அரை மணி நேரம்கூட ஆகாமல் உண்மையாகிவிட்டது.

நான் ஆசிரியை. "அந்தப் பையன் வம்பு" என்று போன வருடத்து வகுப்பாசிரியர் கைமாற்றிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றுவோம். பேனா கீழே விழுந்தால்கூட முதலில் அவன் பக்கம் திரும்புவோம். இரண்டு வாரத்தில் அவனும் "சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்" என்று முடிவெடுத்திருப்பான்.

சுழியம்

இங்கே ரோசந்தால், ஜேக்கப்சன் 1968 வரும் என்று நினைத்தேன். ஆசிரியரிடம் "இந்தக் குழந்தைகள் இந்த வருடம் மலரப்போகிறார்கள்" என்று குலுக்கலில் எடுத்த பெயர்களைக் கொடுத்ததும் அவர்களுடைய நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் ஏறியது என்பார்கள். அது பெரும்பாலும் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம்தான் தெரிந்தது, அதன் அளவையிலும் நிறைய விமர்சனம் உண்டு. லீ ஜஸ்ஸிமும் கென்ட் ஹார்பரும் 2005-இல் மொத்த ஆய்வுகளையும் அலசிச் சொன்னது: அந்த விளைவு உண்டு, ஆனால் பொதுவாகச் சின்னது, ஆசிரியர் கணிப்பும் மாணவர் முடிவும் ஒத்துப்போவதற்கு முக்கியக் காரணம் ஆசிரியரின் கணிப்பு ஏற்கெனவே சரியாக இருப்பதுதான்.

கோட்டோவியம்

தம்பி, "பொதுவாகச் சின்னது" என்பது சராசரி. அந்த ஒரு பையன் சராசரியில் உட்காரவில்லை, என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

சுழியம்

ஒத்துக்கொள்கிறேன். ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் விளைவு பெரிதாக இருக்கலாம் என்று ஜஸ்ஸிமும் ஹார்பருமே எழுதியிருக்கிறார்கள்.

வெளிச்சுவர்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ஒரு தலைக்குள் நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். அரைநிலா சொன்னது எட்டுத் தலை. எனக்கு அங்கேதான் சுவாரசியம்.

எட்டுப் பேர் ஒரே மாதிரி சொன்னால் எட்டுச் சாட்சி என்று மனம் கணக்குப் போடும். இங்கே நேரில் பார்த்தது என்ன? கூட்டத்தில் ஒரு வாக்கியம், லிஃப்டில் ஒரு நிமிடம், அதுவும் இரண்டு பேர் மட்டும். மீதி எல்லாம் பேச்சு. ஒரே சாட்சியம் எட்டு வாயில் சுற்றி வந்திருக்கிறது. வேறு வேறு பக்கத்திலிருந்து வந்தது போல வேடம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை என்று அரைநிலா எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான வரி. சொன்னவர் பெயர் தெரிந்தால் "அவன் எப்பவும் அப்படித்தான் சொல்வான்" என்று கழித்துவிடலாம். பெயர் போனதும் அது பொது அறிவு ஆகிவிட்டது.

இன்னொன்று. அந்த எட்டுப் பேரும் உண்மையிலேயே அப்படி நினைக்கிறார்களா? டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் 1993-இல் பிரின்ஸ்டன் மாணவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் "எனக்கு இது கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் மற்றவர்களுக்குச் சகஜம்" என்ற மாதிரி பதில் சொன்னார்கள். எல்லாரும் தனித்தனியாக அப்படிச் சொன்னால் அந்த "மற்றவர்கள்" யார்? அப்படி ஒருத்தரும் இல்லை. ஆனாலும் இல்லாத அந்தக் கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி ஆண் மாணவர்கள் போகப்போகத் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

பிப் லதானேயும் டார்லியும் 1968-இல் இன்னும் பச்சையாகக் காட்டினார்கள். அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது சுவர் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75% பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். அலட்சியமாக உட்கார்ந்திருக்கச் சொல்லி வைத்த இரண்டு பேரோடு இருந்தவர்களில் 10% மட்டும். மற்றவன் முகம் சாதாரணமாக இருந்தால் புகையே சாதாரணம் ஆகிவிடுகிறது. முன்னால் நடப்பதற்கு என்ன அர்த்தம் என்பதையே பக்கத்தில் இருப்பவர் முகத்தில் தேடுகிறோம். பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்.

அரைநிலா, முடிந்தால் ஒன்று செய்யுங்கள். எட்டுப் பேரில் யாரையாவது தனியாகப் பிடித்து, உங்கள் கருத்தைச் சொல்லாமல், அவர் கருத்தை மட்டும் கேளுங்கள்.

நடைவண்டி

38 பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று ஒரு நியூயார்க் கதை வருமே, அதுவும் இதுதானா?

வெளிச்சுவர்

கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலை, 1964. லதானேயும் டார்லியும் ஆராய ஆரம்பித்ததற்குத் தூண்டுதல் அதுதான். ஆனால் அந்தக் கதையே அரைகுறை. 2007-இல் மேனிங், லெவின், காலின்ஸ் மூவரும் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தார்கள். 38 பேர் முழுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு ஆதாரம் இல்லை. செய்தி வெளியிட்ட நாளிதழே 2016-இல் தன் பழைய செய்தி குறைபாடுள்ளது என்று எழுதியது. நகரத்து மனிதர் இதயமற்றவர் என்று சொல்ல ஒரு கதை தேவைப்பட்டது, அது கிடைத்தது, நாற்பது வருடம் பாடப்புத்தகத்தில் ஓடியது. லிஃப்ட் கதையின் பெரிய பதிப்பு.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: அந்தப் புதியவரை அடையாளம் காட்டும்படியான விவரம் எதையும் யாரும் சேர்க்க வேண்டாம். வேறொரு பதிவில் "எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர்" என்று பெயரோடு எழுதியதை நீக்கியிருக்கிறேன்.

அரைநிலா

வெளிச்சுவர் சொன்னபடி ஒருவரிடம் தனியாகக் கேட்டேன். "அவரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு அப்படி ஒண்ணும் தோணலை. நீங்க எல்லாரும் சொன்னீங்களேன்னு பேசாம இருந்தேன்" என்றார். இன்னொருவரிடம் கேட்டேன். அவர் "தலைக்கனம்தான், சந்தேகமே இல்லை" என்றார், அவரிடம் காரணமும் இருந்தது. அவர் கேட்ட ஒரு கோப்பை இரண்டு முறை நினைவுபடுத்தியும் அனுப்பவில்லையாம். "ம், சரி" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. அந்த "ம்" அவரை ரொம்பச் சுட்டிருக்கிறது.

ஆக, எட்டு ஒன்றல்ல. ஆனால் பூஜ்யமும் அல்ல.

மெல்லினம்

அந்த "ம், சரி" பற்றி. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலானோர் 2005-இல் மின்னஞ்சலை வைத்துச் சோதித்தார்கள். கிண்டலாகச் சில வாக்கியம், நிஜமாகச் சில வாக்கியம். எழுதியவர்கள் "78% சரியாகப் புரிந்துகொள்வார்கள்" என்று நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகப் புரிந்துகொண்டது 56%. நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். அதையே குரலில் சொன்னபோது 73%. எழுதுகிறவருக்குத் தன் வாக்கியம் தன் குரலில் கேட்கிறது, படிக்கிறவருக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை என்பதை எழுதுகிறவர் மறந்துவிடுகிறார். உங்கள் நண்பர் படித்த "ம்" எந்தக் குரலில் ஒலித்தது என்று கேட்டுப் பாருங்கள். "தலைக்கனம்" என்ற சொல் ஏற்கெனவே அந்தக் குரலைத் தயாராக வைத்திருக்கும்.

சுழியம்

கோப்பு வரவில்லை என்பது குரல் விஷயம் இல்லையே. அது ஒரு செயல், நடந்தது, இரண்டு முறை. இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எல்லாக் கணிப்பையும் மாயை என்று கழுவிவிட்டால், வேலை செய்யாதவரைப் பற்றிப் புகார் சொல்லவே முடியாது. கூடவே, பாதிக்கப்பட்டவரிடம் "நீ தப்பாகப் புரிந்துகொண்டாய்" என்று சொல்வதற்கு இந்த ஆய்வுகள் ரொம்ப வசதியாகப் போய்விடும். அதிகாரத்தில் இருப்பவர்கள் அப்படிப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பேனா

சுழியம் சொன்ன கடைசி விஷயம் எனக்கும் உறுத்துவதுதான். ஒருவரிடம் அவமானப்பட்டவருக்கு "அவர் சூழ்நிலையையும் பாருங்கள்" என்று உபதேசம் செய்வது ஆய்வு அல்ல, அடக்குமுறை. சூழ்நிலை விளக்கத்தையும் நாம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவதில்லை. மேலாளர் கத்தினால் "பாவம், அவருக்கு எவ்வளவு நெருக்கடி". கீழே இருப்பவர் கத்தினால் "வளர்ப்பு அப்படி". வினாடி வினாவில் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே இரண்டு பக்கமும் லாபம்.

அதற்காகத்தான் கணிப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணிக்கும் வரிசையை மாற்றலாம். உளவியலாளர் டேனியல் கானமன் இளைஞராக இருந்தபோது, 1950-களின் நடுவில், இஸ்ரேல் ராணுவத்தில் ஆளெடுக்கும் நேர்காணலை மாற்றியமைத்தார். அதுவரை நேர்காண்பவர் பொதுவாகப் பேசி, மனதில் ஒரு அபிப்பிராயம் வந்ததும் மதிப்பெண் போடுவார். கானமன் ஆறு தனித்தனிக் குணங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைக் கேட்டு, அடுத்ததுக்குப் போகும் முன்னால் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார். நேர்காண்பவர்கள் "எங்களை எந்திரம் ஆக்குகிறாய்" என்று சண்டைக்கு வந்தார்கள். சரி, ஆறும் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு இவர் எப்படிப்பட்ட சிப்பாயாக வருவார் என்று ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள் என்றார், சமாதானத்துக்காக. பிறகு பார்த்தால் ஆறின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகக் கணித்திருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவு நன்றாகக் கணித்திருந்தது.

சுழியம் சந்தோஷப்படலாம், உள்ளுணர்வு வேலை செய்கிறது. ஆனால் முதலில் வந்த உள்ளுணர்வு அல்ல, விவரம் சேர்த்த பிறகு வந்தது.

சுழியம்

சந்தோஷம்தான். கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கூட்டத்தில் பேசும் முன்னால் ஒவ்வொருவரும் தனியாக எழுதி வைக்க வேண்டும். பேசிவிட்டு எழுதினால் வெளிச்சுவர் சொன்ன எட்டு வாய்ப் பிரச்சினை வந்துவிடும். முதலில் வாயைத் திறந்தவர் எழுதியதையே மற்ற எல்லாரும் எழுதுவார்கள்.

அரைநிலா

எங்கள் குழுவில் காலாண்டு மதிப்பீடு வருகிறது. இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஆறு குணம் என்னென்ன வைப்பது?

பழைய பேனா

எண்ணிக்கை முக்கியமில்லை. "பழக இனிமையானவரா", "குழுவோடு ஒத்துப்போகிறாரா" மாதிரி வைத்தால் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். சொன்ன தேதிக்கு முடித்தாரா, கேட்ட கோப்பு எத்தனை முறை கேட்ட பிறகு வந்தது, தவறு தெரிந்ததும் அவரே சொன்னாரா, அடுத்தவர் வேலையில் சிக்கல் வந்தபோது என்ன செய்தார். பக்கத்தில் ஒரு கட்டம் விடுங்கள், எந்தச் சம்பவத்தை வைத்து இந்த மதிப்பெண் என்று எழுத. கட்டம் காலியாக இருந்தால் மதிப்பெண் செல்லாது.

வெளிச்சுவர்

அந்தக் கட்டத்தில் "நான் நேரில் பார்த்தது", "கேள்விப்பட்டது" என்று இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் கேள்விப்பட்டதில் எழுதுகிறார்கள் என்று தெரியும்.

மெல்லினம்

படிவத்தில் "கண் பார்த்துப் பேசுகிறாரா" என்று ஒரு வரி எப்படியாவது நுழைந்துவிடும், எங்கள் அலுவலகத்தில் நுழைந்தது. அதை மட்டும் யாரும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

அரைநிலா

சேர்க்க மாட்டேன். படிவத்தின் நகலை இங்கே போடுகிறேன், குறை இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.